ஏ.சி. சண்டை இருக்கட்டும், அந்தக் கொப்புளம் எப்படி இருக்கிறது?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். மதுரையில் இருக்கிறோம். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஏ.சி. ரிமோட்டுக்காகத் தினமும் பஞ்சாயத்துதான். கணவருக்கு 62 வயது, 16 வருடமாகச் சர்க்கரை நோய். ஏ.சி.யை 18-இல் வைத்துவிட்டு, பாதங்களை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, "கால் எரிகிறது, உடம்பெல்லாம் சூடு" என்கிறார். அதே அறையில் படுக்கும் மாமியாருக்கு 84 வயது. மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். எனக்கு 53. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிறது. திடீரென்று முகம் குப்பென்று சூடாகி வேர்க்கிறது, பத்து நிமிடத்தில் குளிரெடுத்துப் போர்வையைத் தேடுகிறேன். பேரனின் நெற்றியைத் தொட்டு நான் காய்ச்சல் என்றால் மருமகள் இல்லை என்கிறாள். யார் உடம்பு சொல்வதுதான் உண்மை? போன மாதம் வெந்நீர் பட்டு அவர் கால் விரலில் ஒரு கொப்புளம் வந்தது. அவருக்குத் தெரியவே இல்லை, நான்தான் பார்த்தேன். விளக்கெண்ணெய் தடவுகிறோம், ஆறிவருகிறது.

ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறார்கள். ரிமோட்டுக்கு மூன்று பக்கம் ஒதுக்கிய நீங்கள், கொப்புளத்துக்குக் கடைசியில் மூன்றே வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கு அந்த மூன்று வரிதான் கடிதம். "ஆறிவருகிறது" என்று காத்திருக்க வேண்டாம். 16 வருடமாகச் சர்க்கரை உள்ளவரின் கால் விரலில் ஒரு மாதமாகியும் முழுதாக ஆறாத புண் இருக்கிறது என்றால், இதைப் படித்து முடித்த கையோடு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஏன் என்று சொல்வதற்குத்தான் மீதிப் பதில். உங்கள் ரிமோட் வழக்கின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது.

"யார் உடம்பு சொல்வது உண்மை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாளைக் காலை எழுந்ததும் சமையலறைக்குப் போய், இரவெல்லாம் மேடையில் கிடந்த எவர்சில்வர் தட்டில் ஒரு கையையும், பக்கத்தில் கிடக்கும் காய் நறுக்கும் மரப்பலகையில் இன்னொரு கையையும் வையுங்கள். தட்டு சில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. இரண்டும் ஒரே அறையில், ஒரே இரவைக் கழித்தவை. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டுமே அறையின் அதே 28 அல்லது 29 டிகிரி செல்சியஸைத்தான் காட்டும். உங்கள் கையின் தோலோ 33 டிகிரியை ஒட்டி இருக்கிறது. தன்னைவிடக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் கையிலிருந்து வெப்பம் அந்தப் பொருளுக்குள் இறங்கும். எவர்சில்வர் மரத்தைவிடச் சுமார் நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால் தட்டில் வைத்த கையின் தோல் சட்டென்று குளிர்கிறது. பலகையோ தொட்ட இடத்தில் வாங்கிய வெப்பத்தை அங்கேயே வைத்துக்கொள்கிறது. தோலுக்குத் தட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் சூடு எவ்வளவு, அது எந்த வேகத்தில் ஏறுகிறது அல்லது இறங்குகிறது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதைத்தான் நாம் தட்டின் குணமாக எடுத்துக்கொள்கிறோம்.

நம் ஊர்க் கிணறுகள் இதைக் காலங்காலமாகச் சொல்லிவருகின்றன. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதே கிணறு சித்திரையில் குளுகுளுவென்று இருக்கும். "எங்கள் கிணறு காலமறிந்து மாறும்" என்று பெருமை பேசும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆழத்துத் தண்ணீரின் வெப்பநிலை வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். மேலே நின்று வாளியைத் தூக்குகிறவரின் தோல்தான் மார்கழியில் ஒன்றாகவும் சித்திரையில் வேறாகவும் இருக்கிறது. மாடித் தொட்டியில் ஏறி வெயிலில் காய்ந்த தண்ணீரை வைத்து என்னோடு வாதாட வராதீர்கள், அது வேறு கதை.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1690-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிராகவும் மறு கைக்குச் சூடாகவும் தெரியலாம். வீட்டில் செய்து பார்க்க மூன்று பாத்திரம் போதும். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் மறு கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, சேர்த்து நடுப்பாத்திரத்தில் போடுங்கள். ஐஸிலிருந்து வந்த கை "சூடு" என்னும், வெந்நீரிலிருந்து வந்த கை "குளிர்" என்னும். இரண்டும் உங்கள் கைகள்தான், இரண்டுமே பொய் சொல்லவில்லை.

உங்களுக்கும் மருமகளுக்கும் நடக்கும் காய்ச்சல் வழக்கும் இதுவேதான். பாத்திரம் துலக்கிவிட்டு வந்த ஈரக் கையால் நெற்றியைத் தொட்டால் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் அடிப்பது போல இருக்கும். அடுப்படியில் நின்று தோசை சுட்டுவிட்டு வந்த கைக்கு 101 டிகிரி ஃபாரன்ஹீட்கூடச் சாதாரணமாகத் தெரியும். உங்கள் கைக்குப் பேரனைப் பற்றியும் தெரியாது, அது தன்னைப் பற்றித்தான் பேசும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், உடம்பின் இலக்கை 98-இலிருந்து 102-க்கு நகர்த்திவிடுகிறது. உடம்பு இன்னும் 99-இல்தான் இருக்கிறது. இலக்கை எட்டவில்லை என்பதால் மூளை அதைக் குளிராகவே எடுத்துக்கொள்கிறது. கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி விரல்கள் ஜில்லிட்டுப்போகின்றன, குழந்தை வெடவெடவென்று நடுங்குகிறது. அந்த நேரத்தில் கையைத் தொட்டுப் பார்ப்பவர் "குளிர்ந்து கிடக்கிறதே" என்பார், வயிற்றைத் தொடுபவர் "கொதிக்கிறதே" என்பார். மருந்து வேலை செய்து இலக்கு கீழே இறங்கியதும் எல்லாம் தலைகீழாகும். குழந்தை போர்வையை உதறும், வேர்வை கொட்டும். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஒன்று வாங்கி இருவரும் கட்சி மாறாமல் அதை நம்புங்கள். 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் என்றால் காய்ச்சல், அவ்வளவுதான்.

நம் தோல் இன்னொன்றையும் ஊகித்துத்தான் சொல்கிறது. ஈரத்தை உணர்வதற்கென்று மனிதத் தோலில் தனி உறுப்பு கிடையாது. குளிர்ச்சியும் தொடுவுணர்வும் ஒன்றாக வந்தால் மூளை அதை ஈரம் என்று முடிவுகட்டிவிடுகிறது. ஐப்பசி மாலையில் கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுவிட்டு, காய்ந்ததா ஈரமா என்று தெரியாமல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பீர்களே, அது இதனால்தான்.

இனி நரம்புக்கு வருவோம். 1880-களில் ஸ்வீடன் மருத்துவர் மக்னுஸ் பிளிக்ஸ், கூரான குளிர்ந்த முனையாலும் சூடான முனையாலும் தோலைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார். சில புள்ளிகள் குளிரை மட்டும் சொல்லின, சில சூட்டை மட்டும் சொல்லின. குளிர்ப் புள்ளிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஒரே நரம்பு இரண்டையும் சொல்லவில்லை, இரண்டுக்கும் தனித்தனிக் கம்பிகள் ஓடுகின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. அந்தக் கம்பிகளின் நுனியில் என்ன இருக்கிறது என்பதற்கு விடை கிடைக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. விடையைக் கொடுத்தது மிளகாய்.

1997-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் காரச்சத்து நரம்பு நுனியில் எந்தப் புரதத்தைத் தட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அது ஒரு வாசல் போன்ற புரதம். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடுபட்டால் திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குத் தந்தியடிக்கும். மிளகாயின் காரச்சத்து ஒட்டிக்கொண்டால் சூடே இல்லாமல் சாதாரண உடல் வெப்பத்திலேயே அது திறந்துகொள்ளும். ஆகவே "வாய் எரிகிறது" என்பது வெறும் பேச்சு வழக்கல்ல, நரம்பைப் பொறுத்தவரை வாயில் நெருப்பு வைத்த மாதிரிதான். சில வருடங்களில் குளிருக்கான வாசலும் கிடைத்தது. அதைப் புதினாவின் மென்தால் திறக்கிறது. தலைவலித் தைலம் தடவிய நெற்றியில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், நெற்றி பெரிதாகக் குளிர்ந்திருக்காது. குளிர்ந்ததாக நரம்பு சொல்லிக்கொண்டிருக்கும். 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஜூலியஸுக்கும் ஆர்டம் படபூஷியனுக்கும் கிடைத்தது இந்த வகைக் கண்டுபிடிப்புகளுக்காகத்தான்.

இவ்வளவு சுற்றி வந்தது ஒரு காரணத்துக்காக. சூடே இல்லாமல் நரம்பு "எரிகிறது" என்று சொல்ல முடியும் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். உங்கள் கணவர் சொல்லும் சூடு மதுரையின் வெயிலிலும் இல்லை, அறையிலும் இல்லை, நீங்கள் நினைப்பது போல் அவருடைய பிடிவாதத்திலும் இல்லை. பெரும்பாலும் அது அவருடைய பாதத்து நரம்புகளில் இருக்கிறது.

உணர்வுகளைச் சுமக்கும் நரம்பு இழைகளில் சூட்டையும் குளிரையும் வலியையும் கொண்டுபோகும் இழைகள்தான் மிக மெல்லியவை. தோசைக்கல்லின் ஓரம் விரலில் படும்போது கவனித்திருப்பீர்கள். பட்டது முதலில் தெரியும், கையை இழுத்துக்கொண்ட பிறகுதான் காந்தல் நிதானமாக வந்து சேரும். தொடுவுணர்வு தடித்த இழையில் ஓட்டமாகப் போகிறது, சூட்டைச் சுமக்கும் மெல்லிய இழையோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்துபோகிறது. பல வருடச் சர்க்கரை முதலில் கெடுப்பவற்றில் இந்த மெல்லிய இழைகள் உண்டு. அதிலும் உடம்பின் மிக நீளமான நரம்புகளின் நுனி, அதாவது கால் விரல்கள், முதலில் மாட்டிக்கொள்ளும். பிறகு காலுறை அணிவது போலப் பாதம், கணுக்கால் என்று மேலே ஏறும். கெட்டுக்கொண்டிருக்கும் இழை சும்மா இருப்பதில்லை. பழுதான மின்கம்பி பொறி பறக்கவிடுவது போலத் தானாகவே செய்தி அனுப்பும். அதுதான் இரவில் வரும் காந்தல், எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது எல்லாம். பகல் வேலையில் கவனம் போய்விடும். படுத்ததும் அது மட்டும்தான் கேட்கும். அப்போது அவர் கால்களைப் போர்வைக்கு வெளியே நீட்டுகிறார், ஏ.சி.யை 18-இல் வைக்கிறார்.

அதே இழைகள் ஒரு கட்டத்துக்கு மேல் செத்துப்போகும். செத்த இழை எதையும் சொல்லாது. ஆகவே ஒரே பாதம் சூடே இல்லாதபோது எரிகிறது, உண்மையான வெந்நீர் பட்டபோது பேசாமல் இருக்கிறது. நோயாளிகளுக்கு இது புரிவதே இல்லை. "எரிச்சலாக இருக்கிறதே டாக்டர், அப்படியென்றால் உணர்ச்சி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்பார்கள். இல்லை. எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

என் கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். சித்திரை உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் செருப்பில்லாமல் மூன்று முறை சுற்றி வந்திருக்கிறார். கூட வந்த மனைவி தேங்காய்நார் விரிப்பைத் தேடித் தேடித் தாவியிருக்கிறார். இவர் கருங்கல்லில் நிதானமாக நடந்திருக்கிறார். "அம்பாள் அருள், எனக்குக் கல் சுடவே இல்லை" என்று வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். மறுநாள் இரண்டு உள்ளங்கால்களிலும் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளங்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி: "செருப்பு காலிலிருந்து கழன்று போய், தெரியாமல் நடந்ததுண்டா?" மனைவி உடனே தலையாட்டினார். உங்கள் கணவரிடமும் இதைக் கேளுங்கள். பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உணர்வு போன கால் எப்படி அழிகிறது என்று உலகத்துக்குக் காட்டிய பணி நம் வேலூரில்தான் நடந்தது. 1946-இல் அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, சூடும் வலியும் தெரியாததால் தினமும் காயப்பட்டுத்தான் தேய்கின்றன என்று கண்டார். தொழுநோயிலும் முதலில் போகும் உணர்வுகளில் ஒன்று சூடு, குளிர் உணர்வு. அவருடைய அந்தப் பாடம்தான் பிற்பாடு சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பயன்பட்டது.

வெந்நீர் எவ்வளவு நேரத்தில் தோலைச் சுடும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 60 டிகிரித் தண்ணீர் சுமார் 5 விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். பல வீட்டு கீசர்கள் அந்த அளவுக்கு எளிதில் போகும். 44 டிகிரி என்றால் வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனாலும் ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் அதுவும் தோலைச் சுடும். வலிக்கு உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொள்வதும், காலடியில் வெந்நீர்ப் பை வைத்துத் தூங்குவதும் உங்கள் கணவருக்கு இனிமேல் கிடையாது. நல்ல நரம்புள்ளவர் தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொள்வார், இவர் இழுக்க மாட்டார். குளிக்கும் தண்ணீரை அவர் காலால் பார்க்கக் கூடாது. கையிலும் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால் நீங்கள் முழங்கையை விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர் என்பதை வீட்டு வழக்கமாக்குங்கள். கோயிலுக்கு விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போகட்டும். மொட்டை மாடியில் வடகம் காயவைக்க அவரை வெறுங்காலோடு அனுப்பாதீர்கள். இரவு படுக்கும் முன் அவர் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் நீங்கள் பார்த்துவிடுங்கள். நீங்கள்தான் அந்தக் கொப்புளத்தைக் கண்டீர்கள், ஆகவே அந்த வேலை உங்களுக்கு நன்றாகவே வருகிறது.

விளக்கெண்ணெயை நிறுத்துங்கள். தீப்புண்ணில் முதலில் செய்ய வேண்டியது, குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுவது மட்டும்தான். எண்ணெய், பற்பசை, மை, தோசை மாவு எதுவும் வேண்டாம். உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் போன மாதமே தாண்டிவிட்டது, இப்போது புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட வேண்டும். மருத்துவர் மெல்லிய நைலான் இழையாலும் தட்டினால் அதிரும் உலோகக் கவையாலும் பாதத்தைச் சோதிப்பார். சிலர் ஒரு குழாயில் வெந்நீரும் ஒன்றில் குளிர்ந்த நீரும் வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். காலுக்கு இரத்த ஓட்டம் எப்படி என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியோடு வைட்டமின் பி12-யும் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையலாம், குறைந்தால் அதுவும் நரம்பைக் கெடுக்கும். எரிச்சலைக் குறைக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. அந்த மிளகாய்ச் சத்தையே களிம்பாகக்கூடத் தருகிறார்கள், தொடர்ந்து தடவினால் நரம்பு நுனி அலுத்துப்போய் எரிச்சலைச் சொல்வதை விட்டுவிடும். ஆனால் அது பழுதற்ற தோலில் தடவ வேண்டிய மருந்து, மருத்துவர் சொன்னால் மட்டும். வீட்டு மிளகாய்த்தூளை யாரும் எடுத்துவிடாதீர்கள். சொல்லாவிட்டால் எடுப்பார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

"உடம்புச் சூடு" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இளநீர் குடிப்பதிலோ, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதிலோ எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நானும் குளிப்பவன்தான். ஆனால் உள்ளங்கால் காந்தலுக்கும், சிறுநீர் எரிச்சலுக்கும், வாய்ப்புண்ணுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால், மூன்றுக்கும் ஒரே இளநீரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். உங்கள் கணவர் விஷயத்தில் அந்தப் பெயர் சில வருடங்களைத் தின்றிருக்கிறது.

உங்களுக்கு வருவது மாதவிலக்கு நிற்கும் காலத்தில் வரும் வெப்ப அலை, ஆங்கிலத்தில் 'ஹாட் ஃப்ளாஷ்' என்பார்கள். ஹைப்போதலாமஸ் சாதாரணமாக உடல் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினால் கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அந்தப் பொறுமை மெலிந்துபோகிறது. ஒரு வாய் சூடான காபியோ ஒரு கோபமோ போதும், "அதிகச் சூடு" என்று அது அலறும். முகத்து இரத்தக் குழாய்கள் விரியும், வேர்வை கொட்டும். தேவையில்லாமல் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டதால் அடுத்த பத்து நிமிடத்தில் குளிரும். நெஞ்சு படபடப்பு, எடை குறைதல் கூடவே இருந்தால் தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமே கெடுகிறது என்றால் மகளிர் மருத்துவரிடம் சொல்லுங்கள், இதற்கும் மருந்து உண்டு. பெண்கள் இதைச் சகித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் எங்கும் எழுதப்படவில்லை.

மாமியார் விஷயத்தில் நான் அவர் கட்சி. 18 டிகிரி அறையில் 84 வயதுக்காரர் ஸ்வெட்டர் போடாமல் வேறென்ன செய்வார்? தசை குறைந்து, உடம்பு உண்டாக்கும் வெப்பமும் குறைந்த வயது. ஒருமுறை தைராய்டும் இரத்தசோகையும் பார்த்துவிடுங்கள், இரண்டுமே குளிர் தாங்காமையைத் தரும். எனக்குக் கவலை வேறு: மின்சாரம் போன மே மாத மதியத்திலும் அதே ஸ்வெட்டரோடு அவர் உட்கார்ந்திருக்கிறாரா? வயதானவர்களுக்கு வேர்ப்பதும் தாகம் எடுப்பதும் மந்தமாகிவிடும். வெளியே வெக்கை அடிப்பது அவர்களுக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். தாகம் எடுக்கிறதா என்று கேட்காதீர்கள், மணி பார்த்துத் தண்ணீரோ மோரோ கொடுங்கள். மதியம் 11-இலிருந்து 4 வரை ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அறை 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் உதவாது, அது சூடான காற்றை அவர் மேல் வீசும். கைகளையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். குழப்பமாகப் பேசுகிறார், மயங்குகிறார் என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனைதான்.

கடைசியில் ரிமோட். உங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவு பத்து மணிக்கும் உள்ளே அனலை இறக்கிக்கொண்டிருக்கும். அறைக் காற்றை 24-க்குக் கொண்டுவந்தாலும், கூரையிலிருந்து வரும் வெப்பக் கதிர் நேராகத் தோலில் விழும். தோல் காற்றை மட்டும் பார்ப்பதில்லை, சுவரையும் கூரையையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. 18-இல் வைத்து ஏ.சி.யோடு போராடுவதைவிட, மாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பது பல வருடத்துக்குப் பலன் தரும். 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதும் பெரும்பாலான பழைய ஏ.சி.களில் பிரமைதான். அது அதே வேகத்தில்தான் ஓடும், நிற்காமல் ஓடும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏ.சி.களை ஆன் செய்தவுடன் 24-இல் நிற்கும்படி தயாரிக்க வேண்டும் என்று மத்திய அரசே சொல்லிவிட்டது. 25 அல்லது 26-இல் வைத்து மின்விசிறியை மெல்ல ஓடவிடுங்கள். மின்விசிறி அறையைக் குளிர்விக்காது. நம் தோலைச் சுற்றி ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றை விலக்கி, வேர்வையை ஆவியாக்கும். மாமியாரின் கட்டில் நேர்க்காற்று படாத மூலைக்குப் போகட்டும். உங்களுக்கு ஒரு சிறிய மேசை விசிறி, தலைமாட்டில், கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடு இரவில் குப்பென்று வரும்போது யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. கணவரின் கால் எரிச்சலுக்கு மருந்து பிடிக்க ஆரம்பித்ததும் அவரே 18-ஐ விட்டு இறங்கிவருவார் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரை பாதங்களை ஐஸில் வைக்கிறேன் என்று கிளம்பினால் விடாதீர்கள், சுடுவது தெரியாத காலுக்கு உறைவதும் தெரியாது.

மருத்துவரிடம் போகும்போது அவர் தினமும் போடும் செருப்பையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் அதற்குள் உங்கள் கையை விட்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஓர் ஆணி முனையோ, சிறு கல்லோ இருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.